முதுகில் பிளவை, மூச்சில் வாடை

சர்க்கரை நோய் வருஷக்கணக்கில் மெதுவாக அரிக்கும் நோய் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். சில சமயம் அதற்கு மூன்று நாள் போதும். ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டையிலிருந்து கோலார் தங்கவயல் வரை ஒரு பார்வை.

பூதிகோட்டையில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. பழைய கோட்டையின் மிச்சங்கள், சுற்றிலும் கேழ்வரகு வயல்கள், தக்காளித் தோட்டங்கள். தங்கவயலுக்கு அருகே, கோலார் மாவட்டத்தின் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து புழங்கும் மூலை இது. பூதி என்றால் சாம்பல். திருநீற்றுக்கும் அதுதான் பெயர். சாம்பல் கோட்டை என்ற பெயர் கொண்ட இந்த ஊரில்தான் ஹைதர் அலி பிறந்தார். ஆண்டு 1720 என்றும் 1722 என்றும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. இறந்தது 1782 டிசம்பரில். இடம், சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை பாசறை.

கம்பெனிப் படைகளை ஆற்காட்டுச் சீமை முழுவதும் ஓட ஓட விரட்டியவரைச் சாய்த்தது குண்டோ வாளோ அல்ல. முதுகில் வந்த ஒரு கட்டி. மைசூரில் ரெசிடெண்டாக இருந்து பிறகு மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ், அந்த நோய்க்கு இந்துக்கள் ராஜபுண் என்ற பொருளில் ஒரு பெயரும், முஸ்லிம்கள் நண்டு என்ற பொருளில் 'சரத்தான்' என்ற பெயரும் சொன்னதாகக் குறித்திருக்கிறார். நண்டு என்ற சொல்லுக்குப் புற்றுநோய் என்றும் பொருள் உண்டு. ஹைதர் புற்றுநோயால் இறந்தார் என்று பல புத்தகங்கள் எழுதுவதற்கு இந்தப் பெயரும் துணை செய்திருக்க வேண்டும். தமிழில் இதற்கு நேரான சொல் உண்டு: ராஜபிளவை. பல கண்கள் வைத்து, சல்லடை போல் சீழ் கோத்து, பெரும்பாலும் பிடரியிலும் முதுகிலும் வரும் பெருங்கட்டி.

ஹைதருக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்று இங்கே வாதாடப் போவதில்லை. இறந்தவருக்கு இருநூறு வருஷம் கழித்து நோய் கண்டுபிடிப்பது எழுத்தாளர்களுக்குப் பிடித்த விளையாட்டு, டாக்டர்களுக்குப் பிடிக்காது. ஆனால் இன்று அறுபது வயதுக்காரர் ஒருவர் முதுகில் ராஜபிளவையோடு போய் நின்றால், டாக்டர் முதலில் எழுதிக் கொடுப்பது ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குத்தான். மேகநோய்க்காரர்களுக்கு வரும் கட்டிகளைச் சரகர் 7 வகை என்றும் சுஸ்ருதர் 10 வகை என்றும் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். லிவர்பூல் டாக்டர் மாத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரை வற்ற வைத்து அடியில் தங்கியது சர்க்கரைதான் என்று காட்டியது 1776-ல். ஹைதர் இறப்பதற்கு 6 ஆண்டுகள் முன்பு. அந்தச் சேதி நரசிங்கராயன்பேட்டை பாசறைக்கு எட்டியிருக்க வழியில்லை. எட்டியிருந்தாலும் பயன் இல்லை. இன்சுலினுக்கு இன்னும் 140 ஆண்டுகள் இருந்தன.

அப்புறம் நடந்தது சரித்திரம். திப்பு மலையாளக் கரையில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை பூர்ணய்யாவும் மற்ற அமைச்சர்களும் மரணத்தை மறைத்தார்கள். உடல் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டு, கஜானா போவது போலக் காவலுடன் கோலாருக்குப் போனது. அங்கே ஹைதரின் தந்தை ஃபத்தே முகம்மதின் சமாதியில் வைக்கப்பட்டு, பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

ஒரு கட்டி எப்படி ஆளைக் கொல்லும்? சீழ் ரத்தத்தில் கலந்தால் யாரையும் கொல்லும். சர்க்கரை நோயாளிக்கு மட்டும் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. கட்டி, காய்ச்சல், நிமோனியா, சிறுநீரகத் தொற்று என எது வந்தாலும் உடம்பு அதை எதிர்க்க அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகளை அள்ளி விடுகிறது. அவை அனைத்தும் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்பவை. ஆரோக்கியமானவருக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடு கட்டிவிடும். கையிருப்பு இல்லாதவருக்கு முடியாது. ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தாலும் தசைகளுக்கு அது கிடைப்பதில்லை. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்துவிட்டதால், வீட்டார் கூரை மரத்தைப் பிடுங்கி எரிப்பது போல உடம்பு தன் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அந்த எரிப்பில் எழும் புகைதான் கீட்டோன் என்ற அமிலம். ரத்தம் புளிக்கிறது. இதற்குப் பெயர் கீட்டோஅசிடோசிஸ். ஆஸ்பத்திரி வார்டுகளில் சுருக்கமாக டி.கே.ஏ.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இந்தச் சொல் நெடுநாள் உறுத்தல். 'கீட்டோ அமிலத்தேக்கம்' என்று எழுதலாம். ஒரு காலத்தில் எழுதியும் இருக்கிறேன். படித்த எவரும் அதைச் சொல்லி டாக்டரிடம் போனதாகத் தெரியவில்லை. நீரிழிவு, மதுமேகம், சர்க்கரை வியாதி, யாழ்ப்பாணத்தில் சலரோகம் என்று நோய்க்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் தமிழில், அதன் மிக அவசரமான கட்டத்துக்கு மக்கள் வாயில் புழங்கும் பெயர் இல்லை. பெயர் இல்லாத ஆபத்தை அடையாளம் காண்பது கஷ்டம் என்பதைச் சில வருஷங்களுக்கு முன் சாம்பியன் ரீஃப் குடியிருப்பில் நேரில் பார்த்தேன்.

என் தாய்மாமா அங்கே சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். வட ஆற்காட்டிலிருந்து வந்த தாத்தா காலத்துத் தகரக் கூரை வீடு. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. கடைசி ஐந்து வருஷம் காலையும் மாலையும் இன்சுலின். ஒரு நாள் கால் விரலில் சிறு காயம், அதைத் தொடர்ந்து காய்ச்சல். வாய் கசந்து சாப்பாடு இறங்கவில்லை. அத்தை ஊசியை நிறுத்திவிட்டார்.

"ஒரு வாய்க் கஞ்சிகூட இறங்கலையே கண்ணு. ஊசியும் போட்டா சர்க்கரை ஒரேயடியா எறங்கிடாதா?" என்று பிறகு என்னிடம் கேட்டார். தப்பான கேள்வி இல்லை. சாப்பிடாமல் ஊசி போட்டு மயங்கியவர்களை அந்த லைனில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறும் என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் வாந்தியும் வயிற்றுவலியும். பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுவலிக்கு ஓர் ஊசி, 'தெம்புக்கு' ஒரு பாட்டில் குளுக்கோஸ். இரவெல்லாம் அது இறங்கியது. விடியற்காலையில் மாமா குதிரை ஓடி வந்தது போல மூச்சு வாங்கினார். ஆஸ்துமா என்றார் ஒருவர். நேற்று குடித்தாரா என்று கேட்டார் இன்னொருவர். வாயிலிருந்து அப்படி ஒரு வாடை வந்தது. குடி வாடை அல்ல. கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. பக்கத்து வீட்டுப் பையன் தன் அப்பாவின் குளுக்கோமீட்டரைக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தான். எண் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் வந்தன: எச், ஐ. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று அவன் பெட்டியில் வைத்து மூடினான்.

மெஷின் கெடவில்லை. பெரும்பாலான குளுக்கோமீட்டர்கள் 600 மில்லிகிராம் வரைதான் எண்ணாகக் காட்டும். அதைத் தாண்டினால் 'ஹை', அதாவது மிக அதிகம் என்பதைத்தான் அந்த இரண்டு எழுத்துகளில் காட்டும். வீட்டில் மீட்டர் வைத்திருக்கும் வாசகர்கள் இன்றே அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்து உங்கள் கருவியின் எல்லை எது என்று பார்த்துவிடலாம். சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்தால் 'லோ' என்று காட்டும்.

மாமாவுக்கு வந்த மூச்சை 1874-லேயே ஜெர்மானிய டாக்டர் அடால்ஃப் குஸ்மால் விவரித்துவிட்டார். ஆழமாக, வேகமாக, இடைவிடாமல், ஓடாமலே ஓடியவர் மூச்சு. ஆங்கில மருத்துவ நூல்கள் இதைக் காற்றுப் பசி என்கின்றன. மொழிபெயர்ப்பில் கெடாத அபூர்வச் சொல். நுரையீரலில் குறை எதுவும் இல்லை. ரத்தத்தில் ஏறிய அமிலத்தை, கரியமில வாயுவாக மூச்சு வழியே வெளியேற்ற உடம்பு செய்யும் கடைசி முயற்சி அது. வயிற்றுவலியும் அமிலத்தின் வேலைதான். குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணி அறுவை அறை வாசல்வரை கொண்டுபோகப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் படிக்கலாம். குழந்தைகளிடம் இந்தத் தவறு இன்னும் சுலபமாக நடக்கும். குழந்தைக்குச் சர்க்கரை என்று யாருக்குத் தோன்றும்? நாலைந்து வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்பது, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வருவது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது: இவை வெயில், செல்லம், பூச்சி என்று போய்விடுகின்றன. டைப்-1 நோய் உள்ள குழந்தைகளில் பலருக்கு நோய் இருப்பதே இந்த ஆபத்துக் கட்டத்தில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது.

அன்று காலை மாமாவைக் காரில் ஏற்றி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பயணம். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன் குனிந்து மாமாவின் மூச்சை முகர்ந்தார். அவ்வளவுதான். "எத்தனை நாளா இன்சுலின் போடலை?" என்பதே முதல் கேள்வி.

சிகிச்சையில் மந்திரம் எதுவும் இல்லை; வரிசையும் கவனமும்தான். முதலில் உப்புநீர். சர்க்கரை சிறுநீரில் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். வளர்ந்த ஆளின் உடம்பில் 6 லிட்டர் வரை பற்றாக்குறை இருக்கலாம். அப்புறம் நரம்பு வழியே இன்சுலின், மணிக்கு இவ்வளவு என்று சொட்டுச் சொட்டாக. இவை இரண்டுக்கும் நடுவே, வெளியாள் எவருக்கும் தோன்றாத ஒரு பொறி இருக்கிறது: பொட்டாசியம். இன்சுலின் இல்லாதபோது அது செல்களை விட்டு வெளியேறி ரத்தத்தில் மிதக்கும். அளந்தால் சரியாக இருப்பது போல, ஏன், கூடுதலாகக்கூடத் தெரியும். மொத்தக் கையிருப்போ காலியாகிக்கொண்டிருக்கும். இன்சுலின் ஏறியதும் பொட்டாசியம் செல்களுக்குள் பாய, ரத்தத்தில் மளமளவென்று சரிந்து இதயம் தாளம் தவறும். அதனால் பொட்டாசியத்தைப் பார்க்காமல் இன்சுலின் தொடங்கக் கூடாது என்பது வார்டு விதி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துச் சோதிக்க லேப் வேண்டும், விழித்திருக்க ஆள் வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலும் வரும். ஆனால் சர்க்கரை 250 அளவுக்கு இறங்கிய பிறகு, கீட்டோனைத் தீர்க்கும்வரை இன்சுலினை நிறுத்தாமல் இருப்பதற்காக. முதல் நாள் இரவு மாமாவுக்கு ஏறிய பாட்டில் அதே பாட்டில்தான், நேரம்தான் தவறு.

நல்ல வசதி உள்ள இடங்களில் இந்த ஆபத்தில் சிக்கும் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. 1922-க்கு முன் பிழைத்தவர்களே இல்லை எனலாம். அந்த ஆண்டு ஜனவரி 11 அன்று டொரண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. எடை சுமார் 29 கிலோ. பட்டினிச் சிகிச்சையில் எலும்பும் தோலுமாக இருந்தவன். அன்று வேறு வைத்தியமே கிடையாது. சாவைத் தள்ளிப்போடப் பட்டினி போட்டார்கள். முதல் ஊசி சரிப்படவில்லை. மருந்தில் கசடு இருந்ததால் ஒவ்வாமை வந்தது, கீட்டோனும் போகவில்லை. வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்துத் தந்த பிறகு, ஜனவரி 23 அன்று போட்ட ஊசியில் சர்க்கரை சரிந்தது, சிறுநீரில் கீட்டோன் மறைந்தது. பையன் இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான். ஃப்ரெடெரிக் பேண்டிங்கையும் சார்லஸ் பெஸ்ட்டையும் நினைவில் வைத்திருக்கும் உலகம் காலிப்பை மறந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் அவருக்கும் ஒரு வரி கொடுக்கலாம் என்று தோன்றியது. காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்கு விற்றவர்கள் அவர்கள்.

நம் பக்கத்தில் இந்த நோய்க்குத் தனி இடம் பிடித்துக் கொடுத்தவர் டாக்டர் எம். விசுவநாதன். 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனி வெளிநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் இதற்கென்றே மருத்துவமனை. தங்கவயலிலும் ஒரு காலத்தில் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் தோன்றிய சுரங்க மருத்துவமனை, 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து நசுங்கி வந்தவர்களையும் தூசியில் நுரையீரல் கெட்டவர்களையும் பார்த்த இடம். சுரங்கத்தோடு அதுவும் முடங்கியது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது தொண்டர்கள் தூசி தட்டிச் சுத்தம் செய்து படுக்கைகள் போட்டார்கள். இப்போது அவசரம் என்றால் ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனை. மிஞ்சினால் கோலார், பெங்களூர் அல்லது வேலூர்.

அதே 2021-ல் நாடு முழுவதும் 'கறுப்புப் பூஞ்சை' என்ற பெயர் பரவியது நினைவிருக்கும். ஜூலைக்குள் 45,000-க்கும் மேற்பட்டோருக்கு அது வந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றியது. ரத்தம் அமிலமானால், வழக்கமாகக் கட்டுண்டு கிடக்கும் இரும்புச் சத்து விடுபட்டு, அந்தப் பூஞ்சைக்கு விருந்தாகிறது. மூக்கிலும் கண்ணிலும் தொடங்கி மூளைவரை போகும் இந்தப் பூஞ்சையை, டி.கே.ஏ. நோயாளிகளைப் பார்த்துப் பழகிய டாக்டர்கள் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

முதியவர்களுக்கு வருவது சற்று வேறு. டைப்-2 காரரிடம் கொஞ்சம் இன்சுலின் மிச்சம் இருப்பதால் கீட்டோன் அவ்வளவாகச் சேராது. சர்க்கரை மட்டும் 600, 800, 1,000 என்று ஏறி, ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு வற்றிவிடும். வாடை இல்லை, மூச்சு வாங்கல் இல்லை; குழறல், தள்ளாட்டம், தூக்கம். பக்கவாதம் என்றோ வயோதிகம் என்றோ விட்டுவிடுகிறார்கள். கேட்டால் தண்ணீர் கொடுக்க ஆளில்லாத வீடுகளில், பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் இது நடக்கிறது. டி.கே.ஏ.வைவிட இதில் சாவு அதிகம்.

பெங்களூர் என்றதும் ரயில் ஞாபகம் வருகிறது. சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல் பிழைப்பது தண்டவாளத்தின் தயவில். மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன் புறப்படும் ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். இந்தக் கால அட்டவணையும் இன்சுலின் கால அட்டவணையும் ஒத்துப்போவதில்லை. வீட்டில் ஊசியைப் போட்டுக்கொண்டு, இட்லியைப் பெங்களூரில் சாப்பிடலாம் என்று ஏறுகிறவருக்கு, வண்டி நடுவழியில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல். இதையும் குடிபோதை என்றே பக்கத்துச் சீட்டுக்காரர் நினைப்பார். டி.கே.ஏ. வர நாட்கள் ஆகும். தாழ்சர்க்கரை நிமிஷங்களில் வரும். 70-க்குக் கீழே எச்சரிக்கை, 54-க்குக் கீழே ஆபத்து.

வைத்தியம் சட்டைப் பையில் அடங்கும். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன். தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்துப் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. பிறகு வயிற்றுக்கு ஏதாவது. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விசேஷம்: அந்த மாத்திரை சாதாரணச் சர்க்கரையை உடைய விடாது. அவர்கள் குளுக்கோஸ் பொட்டலத்தையே வைத்திருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 108-ஐக் கூப்பிடுவதே வழி. கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகளால் வரும் மயக்கம் குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர் என்றால் ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

இன்னொரு விபத்துக்கு நோய் காரணமே அல்ல. இந்தியாவில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் காட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பேனா பழுதாகிவிட்டது என்று காட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால், 20 யூனிட் என்று நினைத்துப் போடுவது 50 யூனிட். மாற்றிச் செய்தால் தேவையில் பாதிகூடப் போகாது. மருந்துக் கடைக்காரர் அவசரத்தில் எதைக் கொடுத்தாலும் மூடியின் நிறத்தையும் குப்பியில் அச்சிட்ட எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது.

விரதமும் இங்கே சேர்த்தி. 13 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, ரம்ஜான் மாதத்தில் கடுமையான தாழ்சர்க்கரை டைப்-2 காரர்களிடம் மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கு மேல் கூடியதாகக் கண்டது. நோயாளிக்கு மார்க்கமே விலக்குத் தருகிறது. ஏற்க மனசு வருவதில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் இருக்கும் நம் வீட்டுப் பாட்டிகளும் இதில் சளைத்தவர்கள் அல்ல. விரதம் இருந்தே தீருவேன் என்பவர் ஒரு மாதம் முன்னதாக டாக்டரைப் பார்த்து மருந்து நேரத்தை மாற்றிக்கொள்வதாவது நடக்க வேண்டும்.

புது மருந்துகள் புது வேஷத்தில் பழைய ஆபத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-ல் இந்தியாவில் முடிந்ததும் விலை சரிந்து சின்ன ஊர் கடைகளுக்கும் வந்துவிட்டது. இவற்றைச் சாப்பிடுகிறவருக்கு டி.கே.ஏ. வந்தால் மீட்டர் 180 என்று சாதுவாகக் காட்டும், ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-லேயே எச்சரித்தது. அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். வாந்தி, பேதி, பட்டினி வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டிய மாத்திரை இது. இன்சுலின் விஷயம் நேர் எதிர்: காய்ச்சலில் அளவை மாற்றலாம், டைப்-1 காரர் அடியோடு நிறுத்தவே கூடாது. ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் ஒன்றை நிறுத்து, ஒன்றை நிறுத்தாதே என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதை ஐந்து நிமிஷ வெளிநோயாளிச் சீட்டில் எழுத முடியாது என்பது டாக்டர்களின் நியாயமான குறை.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு வகையும் உண்டு. சிறுவயதில் சரியான சாப்பாடு இல்லாமல் ஒல்லியாக வளர்ந்தவர்களுக்கு வரும் சர்க்கரை நோய். இன்சுலின் குறைவுதான், ஆனால் விசித்திரமாக, கீட்டோன் எளிதில் சேராது. டைப்-1 என்று எண்ணி இன்சுலினைத் தாராளமாக ஏற்றினால் தாழ்சர்க்கரையில் விழுவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இது தனி நோய்தான் என்று 2022-ல் ஆய்வு வெளியிட்டன. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் அதற்கு டைப்-5 என்று பெயர் வைத்தது.

இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு மதிப்பிட்டது. அரசுகள் சும்மா இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு, வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பூதிகோட்டையிலிருந்து பார்த்தால் எல்லைக்கு அந்தப் பக்கம். 2024 அக்டோபரில் கர்நாடகம் 'கிருஹ ஆரோக்கிய' என்ற பெயரில் அதே மாதிரி ஒன்றைக் கோலார் மாவட்டத்திலேயே தொடங்கியது. படியேறி வருகிறவர் மாத்திரையோடு நாலு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகலாம்: காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, மீட்டரில் எழுத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது.

மாமா ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்தார். கால் விரல் ஒன்று போயிற்று. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அத்தை இப்போது இன்சுலின் குப்பியை ஒரு டப்பாவில் போட்டு, ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைக்கிறார். வெயில் காலத்துக்கு அதுவே போதும் என்று டாக்டரே சொன்னாராம். டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். காய்ச்சலில் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள், நாலு மணிக்கு ஒரு தரம் சர்க்கரை பாருங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், வாந்தி வந்தாலோ கீட்டோன் இருந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரி என்று நாலு வரி.

அடுத்த முறை போனபோது, மூன்றாவது வீட்டுக்காரர் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனதாக அத்தை சொன்னார். ஒரு சொல்லை மட்டும் அவர் பேனாவால் அடித்து மாற்றியிருந்தார். 'கீட்டோன் இருந்தாலோ' என்று நான் எழுதிய இடத்தில், 'வாயில் பழ வாடை அடித்தாலோ'.